இனிப்பு நீரும் ஈ11-உம்

வணக்கம் அம்மா.

சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து மகளோடு வந்திருந்தீர்கள். மகளின் மேற்படிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அதில் ஐம்பது நிமிடம் நீங்கள்தான் பேசினீர்கள். குறையாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுக்குப் பிறகு மருத்துவம் கிடைக்காதது மகளைவிட உங்களைத்தான் அதிகம் உலுக்கியிருக்கிறது.

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். "பாட்டி இனிப்பு நீர்ங்கிறாங்க, அம்மா சர்க்கரைங்கிறாங்க, டிவியில நீரிழிவுங்கிறாங்க, கிளினிக் கார்டுல டி.எம்.னு இருக்கு. எல்லாம் ஒண்ணா சார்?" நீங்கள் "நேரமாச்சு, வா" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்கு அந்தக் கேள்விதான் இன்னும் மனதில் நிற்கிறது. அதைக் கேட்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போனதும் அவருடைய கோப்பு ரெக்கார்டு பிரிவுக்குப் போகும். அங்கே ஒருவர் அதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-யிலிருந்து ஒரு குறியீடு போடுவார். இதைத்தான் 'மெடிக்கல் கோடிங்' என்கிறார்கள். இந்தப் பட்டியலின் வேர் 1893-இல் பெர்ட்டியோன் என்ற பிரெஞ்சுக்காரர் தயாரித்த மரணக் காரணப் பட்டியலில் இருக்கிறது. 1948-இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. பத்தாம் பதிப்பில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஈ11. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அதுவே 5ஏ11. கோப்பில் இரண்டாம் வகை என்று எழுதியிருந்தால், பாட்டி எந்தப் பெயரில் சொன்னாலும் போய்ச் சேரும் இடம் அதுதான்.

ஆனால் கார்டில் வெறும் டி.எம்., அதாவது டயாபட்டீஸ் மெல்லிட்டஸ் (நீரிழிவு) என்று மட்டும் இருந்தால்? பத்தாம் பதிப்பின்படி அது ஈ14, அதாவது வகை சொல்லப்படாத நீரிழிவு. மாத்திரைப் பட்டியலில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் இருக்கிறதே, அப்படியானால் இரண்டாம் வகைதானே என்று நம் கை துறுதுறுக்கும். போடக் கூடாது. டாக்டரிடம் கேட்டு, அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மாற்றலாம். இந்த வேலையின் கஷ்டமே இங்கேதான் இருக்கிறது. தெரிந்த மாதிரி இருப்பதை எழுதாமல், எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன். நெஞ்சு வலி என்று ஒருவர் வருகிறார். சோதித்துப் பார்த்தால் மாரடைப்பு. அப்போது ஐ21 மட்டும் போட்டால் போதும். நெஞ்சு வலிக்குத் தனிக் குறியீடு தேவையில்லை, அது மாரடைப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. எல்லாச் சோதனையும் செய்தும் காரணம் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பினார்களா? அப்போது ஆர்07.4, நெஞ்சு வலி என்றே நிற்கும். அறிகுறிகளுக்கென்றே 'ஆர்' என்று தனி அத்தியாயம் உண்டு. பைக்கில் சறுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்தால் முறிவுக்கு ஒரு குறியீடு, விழுந்த விதத்துக்கு இன்னொன்று. இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் மகளின் கண் விரிந்தால் நல்லது. கொட்டாவி வந்தால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

உங்கள் அப்பா சித்த வைத்தியர் என்றீர்களே, அதனால் ஒரு செய்தி. பதினோராம் பதிப்பின் 2025 வெளியீட்டில் சித்த, ஆயுர்வேத, யுனானி நோய்ப் பெயர்களுக்கும் தனிப் பகுதி சேர்த்திருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு. பினாங்கில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் பஞ்சமில்லை. இன்சூரன்ஸ் கணக்கு, நோய்ப் புள்ளிவிவரம் எல்லாம் இந்தக் குறியீட்டை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் சென்னையில் இருக்கும் உங்கள் அக்கா மகன் 'மெடிக்கல் கோடிங்' செய்வதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். அங்கே பெரும்பாலும் அமெரிக்க இன்சூரன்ஸுக்கான வேலை. அமெரிக்கா தனக்கென்று மாற்றிக்கொண்ட பதிப்பும் விதிகளும் வேறு. அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டு இங்கே அரசு ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டினால் திறக்காது. போன வருடம் ஒரு பையன் குறுகிய காலப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு அப்புறம்தான் என்னிடம் வந்தான். நான் என்ன செய்ய முடியும்?

அதனால் எந்தக் கல்லூரி சொன்னாலும், முதலில் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ.-வின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடுங்கள். சுகாதாரத் தகவல் மேலாண்மை, மருத்துவ ரெக்கார்டு என்ற பெயர்களில் வரும். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கிடைக்குமா என்பதையும் அவர்களிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு வேலைக்கு மலாய் வேண்டும், டாக்டர்களின் குறிப்பைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். எளிய குறியீடுகளை இனி மென்பொருளே போட்டுவிடும் என்று என் காதிலும் விழுகிறது. அது உண்மைதான் என்று நினைக்கிறேன். மென்பொருள் போட்டது சரியா என்று பார்க்கும் ஆளாக இவள் வர வேண்டும். அதற்கு உடற்கூறும் நோயியலும் ஒழுங்காகப் படித்தாக வேண்டும், தப்பிக்க வழியில்லை.

டாக்டரானால் கவலையே இருக்காது என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். 2016-இன் கடைசியிலிருந்து புது டாக்டர்களை அரசு ஒப்பந்தத்தில்தான் எடுத்துவருகிறது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை கொடுங்கள். பதினோராம் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டியின் கிளினிக் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அவளே குறியீடு தேடி எழுதட்டும். எங்கே சந்தேகம் வந்தது என்பதையும் குறித்து வைக்கட்டும். அந்தத் தாளோடு அடுத்த சனிக்கிழமை வாருங்கள். அவள் மட்டும் மேலே வரட்டும். நீங்கள் கீழே ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் குடித்துக்கொண்டிருங்கள், முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்.