ஜப்பானில் தனியாக வசிக்கும் பெண்ணுக்கு இரவு பயமா, காலை பயமா?

ஜப்பானில் ஒரு பெண் தனியாக வாழவும் ஊர் சுற்றவும் பாதுகாப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். டோக்கியோவில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக வசிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரவில் எனக்குப் பயமில்லை. எச்சரிக்கையாக இருப்பதெல்லாம் காலையில்தான்.

இரவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயிலில் இறங்கி, ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் நடந்து வீட்டுக்குப் போவது பழகிவிட்டது. விடிய விடியத் திறந்திருக்கும் கடைகள் வழியில் உண்டு. பல ரயில் நிலையங்களை ஒட்டி 'கோபான்' என்ற சிறிய காவல் சாவடி இருக்கும். வழி கேட்கவும் உள்ளே போகலாம், யாரோ பின்தொடர்கிறார் என்று சொல்லவும் போகலாம். ஷின்ஜுகுவின் கபுகிச்சோ போன்ற கேளிக்கைப் பகுதிகளில் மட்டும் கடைக்கு ஆள் பிடிப்பவர்கள் விடாமல் கூப்பிடுவார்கள். பதில் பேசாமல் நடந்துவிடுங்கள்.

காலை ரயில் வேறு உலகம். கையை மேலே தூக்கினால் கீழே இறக்க முடியாத நெரிசல். உடம்பில் படும் கை யாருடையது என்று திரும்பிப் பார்க்கக்கூட இடம் இருக்காது. அந்த நெரிசலைப் பயன்படுத்தித் தொடுபவர்களை 'சிக்கான்' என்கிறார்கள். கதவோரம்தான் இது அதிகம். தொட்டவன் அடுத்த நிலையத்தில் இறங்கித் தப்பிவிடலாம் அல்லவா? பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகளையும் இவர்கள் விடுவதில்லை. என்னால் சகிக்கவே முடியாதது அதுதான்.

ஒருநாள் என் பக்கத்தில் நின்ற மாணவி ஒன்றும் பேசாமல் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே திருப்பினாள். 'சிக்கான்! உதவுங்கள்' என்று திரை முழுக்கப் பெரிய எழுத்து. டோக்கியோ காவல் துறையின் 'டிஜி போலீஸ்' என்ற செயலி அது. திரையை இன்னொரு முறை தொட்டால் 'யமெதே குதசாய்', அதாவது நிறுத்துங்கள் என்று உரக்கக் குரல் கொடுக்கும். அவளை என் பக்கம் இழுத்து, நடுவில் என் பையை வைத்துக்கொண்டேன். அடுத்த நிலையத்தில் இருவரும் இறங்கி ஊழியரிடம் போனோம். அவள் குரலே எழவில்லை. விரல் மட்டும் திரையை விட்டு அகலவில்லை. ஜப்பானுக்கு வரும் பெண்கள் முதலில் இந்தச் செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

பெண்களுக்கு மட்டுமான ரயில் பெட்டியும் உண்டு. 2000 டிசம்பரில் கேயோ ரயில் நிறுவனம் ஆண்டிறுதி விருந்துக் காலத்து இரவு ரயில்களில் சோதனையாக விட்டது. பின்னர் மற்ற தடங்களுக்கும் பரவியது. நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்புக் குறி இருக்கும் இடத்தில் நின்றால் அந்தப் பெட்டி வரும். பெரும்பாலும் வார நாள் காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும்தான், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் ஏறக் கூடாது என்று சட்டம் இல்லை, பயணிகளின் ஒத்துழைப்பில்தான் நடக்கிறது.

வீடு பார்க்கும்போது தரைத்தளத்தைத் தவிர்த்துவிடுங்கள். இங்கே அதையே முதல் மாடி என்பார்கள், குழம்ப வேண்டாம். வாடகை சற்றுக் குறைவாக இருந்தாலும் வேண்டாம். வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொள்வதும், வந்திருப்பவர் முகம் உள்ளே திரையில் தெரிவதும் முக்கியம். தபால் பெட்டியில் பெயர் எழுதாமலே விடும் பெண்கள் நிறையப் பேர், நானும் எழுதவில்லை.

பயணத்தைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம் என்பேன். ஒருவர் படுக்கும் அளவுக்கே இடம் தரும் கேப்சூல் விடுதிகளில், பெண்களுக்குத் தனித் தளம் ஒதுக்கியவை இருக்கின்றன. இரவுப் பேருந்தில் பதிவு செய்யும்போதே பக்கத்து இருக்கையும் பெண்ணுக்கே என்று கேட்டு வாங்கலாம். கிராமப்புறங்களில் மனிதர்களைவிடப் பேருந்துதான் சிக்கல்: கடைசி வண்டி மாலையிலேயே போய்விடும்.

'ஜப்பான் பாதுகாப்பான நாடு' என்ற பெயரே சில நேரம் பெண்ணின் வாயை அடைத்துவிடுகிறது. இங்கே இப்படி நடக்குமா என்று எதிரில் இருப்பவர் நினைத்தாலே போதும், புகார் தொண்டையிலேயே நின்றுவிடும். 1999-இல் சைதாமாவில் ஒரு கல்லூரி மாணவி, பின்தொடர்ந்து தொல்லை தருகிறார்கள் என்று காவல் துறையிடம் முறையிட்டும் அவர்கள் அலட்சியம் காட்ட, கடைசியில் கொல்லப்பட்டார். அதன் பிறகு, 2000-இல்தான் பின்தொடர்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. 2017-இல் பத்திரிகையாளர் இட்டோ ஷியோரி தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வல்லுறவுப் புகாரைப் பொதுவெளியில் சொன்னார். சிவில் வழக்கில் 2019-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2023 ஜூலையில் திருத்தப்பட்ட பாலியல் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சம்மதமின்மையே குற்றத்தின் மையமானது. சம்மத வயது 13-இலிருந்து 16 ஆனது. மறைவாகப் படம் எடுப்பதற்கு எதிராக நாடு முழுமைக்குமான தனிச் சட்டமும் அப்போதே வந்தது. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு பெண் விலை கொடுத்திருக்கிறாள்.

ஆகவே ஏதாவது நடந்தால் 'இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்' என்று விட்டுவிடாதீர்கள். அவசரத்துக்கு 110. ஜப்பானிய மொழி வராவிட்டால் ஆங்கிலத்தில் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பாலியல் குற்றங்களுக்கு #8103, அந்தந்த மாகாணக் காவல் துறைக்குப் போகும். காவல் துறையிடம் பேச மனம் இல்லையென்றால் #8891, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையத்துக்குப் போகும். மருத்துவ உதவியும் ஆலோசனையும் அந்த மையத்தின் வழியே கிடைக்கும்.