பக்கவாத்தியக்காரர்களின் படம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்ற ராக் கச்சேரிப் படத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கடிதம் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சந்தோஷம். இந்த முறை முழுப் பகுதியும் அந்தப் படத்துக்குத்தான்.

கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போடுகிற உங்களுக்கு அமெரிக்க ராக் படத்தின் மேல் எப்படி ஐயா இவ்வளவு பிரியம்? அப்படி என்ன இருக்கிறது அதில்?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

தம்பி, என் அப்பா தவில் வாசித்தவர். நான் மைக் செட்டுக்குப் போய்விட்டேன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்காருகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ஜனங்கள் வித்வான்களை முன்னாலிருந்து பார்ப்பார்கள், நான் பக்கவாட்டிலிருந்து பார்ப்பேன். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுக்கும் முன் தவில்காரரை ஓரக்கண்ணால் பார்ப்பது, 'நீ எடுத்துக்கோ' என்று லேசாகத் தலையசைப்பது, இரண்டாவது தவில்காரர் முதலாமவரின் கையை விட்டுக் கண்ணை நகர்த்தாமல் இருப்பது எல்லாம் எனக்கு அங்கிருந்து தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குச் சுவாமி வடக்கு வீதி திரும்பும்போது கச்சேரியை நடத்துவதே அந்தப் பார்வைகள்தான்.

அதே பார்வைகளைத் திரையில் நான் முதலில் கண்டது இந்தப் படத்தில். எண்பதுகளின் கடைசியில் எங்கள் கடையில் டி.வி., டெக் எல்லாம் வாடகைக்கு விடுவோம். கூத்தாநல்லூர் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டைக் கொடுத்து, "உனக்குப் பிடிக்கும், போட்டுப் பார்" என்றார்.

சான் பிரான்சிஸ்கோவில் வின்டர்லேண்ட் என்று ஒரு அரங்கம். அங்கே 1976 நவம்பர் 25 அன்று 'தி பேண்ட்' என்ற குழு தன் விடைபெறும் கச்சேரியை நடத்தியது. அமெரிக்காவில் அன்று நன்றித் திருநாள். வந்திருந்த சுமார் 5,000 பேருக்கும் முதலில் வான்கோழி விருந்து, பிறகு நடனம், அப்புறம்தான் கச்சேரி. அது நள்ளிரவைத் தாண்டியும் வெகுநேரம் போனது. இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி அதைப் படமாக்கினார். 1978-ல் வெளிவந்தது.

குழுவில் ஐந்து பேர். கிதார் ராபி ராபர்ட்சன், டிரம்ஸ் லெவான் ஹெல்ம், பேஸ் கிதார் ரிக் டான்கோ, பியானோ ரிச்சர்ட் மேனுவல், ஆர்கன் கார்த் ஹட்சன். ஹெல்ம் மட்டும் அமெரிக்கர், ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தி விவசாயி வீட்டுப் பிள்ளை. மற்ற நால்வரும் கனடாக்காரர்கள். இவர்களில் ஹட்சன்தான் முறையாகப் படித்தவர். ராக் குழுவில் சேர்ந்தால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று, மற்றவர்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகச் சேர்ந்தாராம். ஆளுக்கு வாரம் பத்து டாலர் குருதட்சிணை. படத்திலேயே இந்தக் கதை வருகிறது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்த ஐவரும் முதலில் பக்கவாத்தியக்காரர்கள். ரானி ஹாக்கின்ஸ் என்ற பாடகருக்குப் பல வருஷம் வாசித்தார்கள். அப்புறம் நாட்டுப்புறப் பாட்டுக்காரராக இருந்த பாப் டிலன் மின்சாரக் கிதாரை எடுத்தபோது, ஊர் ஊராகப் போய், அது பிடிக்காத ஜனங்களின் கூச்சலுக்கு நடுவே அவருக்கு வாசித்தார்கள். தனிக்குழுவாகப் பெயர் வாங்கியது பிற்பாடு. விடைபெறும் நாளில் என்ன செய்தார்கள்? தங்கள் பாட்டை மட்டும் வாசித்துவிட்டுப் போகவில்லை. ஹாக்கின்ஸையும் டிலனையும் அழைத்தார்கள். மட்டி வாட்டர்ஸ், ஜோனி மிட்செல், நீல் யங், வான் மாரிசன், எரிக் கிளாப்டன் என்று வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாணி கெடாமல் மறுபடி பக்கம் வாசித்தார்கள். ஐந்து பேர் ஒரே இரவில் இத்தனை பாணிக்கு வாசிக்கிறார்கள், தம்பி. எந்த இடத்திலும் பாடுகிறவரை முந்தவில்லை. பக்கவாத்தியம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

ஒரு இடம் சொல்கிறேன். கிளாப்டன் கிதாரில் ஆரம்பிக்கிறார். தோள்பட்டையில் மாட்டியிருக்கும் வார் கழன்று கிதார் நழுவுகிறது. அந்த நொடியில் ராபர்ட்சன் உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து தான் எடுத்து வாசிக்கிறார். தாளம் ஒரு மாத்திரை அசையவில்லை. என் அப்பா திண்ணைப் பக்கம் போனவர், நின்று பார்த்துவிட்டு, "நிறுத்து, அதைத் திரும்பப் போடு" என்றார். ராக் சங்கீதம் அவர் கேட்டதே இல்லை. ஆனால் வார் அறுந்த தவிலோடு வீதியில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடும் ஹெல்மைப் பார்த்து, "இவன் கை ஒன்று சொல்லுது, வாய் ஒன்று சொல்லுது, இரண்டும் சமத்தில் வந்து நிக்குது பார்" என்றார். என் பிரியம் அன்றைக்கு வந்ததுதான்.

இந்தப் படத்தை என் வீட்டுக்காரர் ராத்திரியில் அலறவிடுகிறார். கேட்டால், சத்தமாகப் போடச் சொல்லிப் படத்திலேயே எழுதியிருக்கிறது என்கிறார். நிஜமா?
– இல்லத்தரசி, திருவாரூர்

நிஜம்தான் அம்மா. இந்தப் படத்தைச் சத்தமாகத்தான் போட வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போடுகிறார்கள். அதில் காரணமும் உண்டு. சத்தம் குறைவாக இருந்தால் நம் காதுக்கு அடிநாதம் முதலில் காணாமல் போகும். டான்கோவின் பேஸும் ஹெல்மின் கால் டிரம்மும் இல்லாமல் இந்தச் சங்கீதம் நிற்காது.

ஆனால் சத்தம் வேறு, அலறல் வேறு. உங்கள் வீட்டில் ஸ்பீக்கர் பாக்ஸை அறை மூலையில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். மூலையில் வைத்தால் அடிச்சத்தம் குமுறும், பாட்டு தெளியாது, தெளியட்டும் என்று இன்னும் ஏற்றுவார். சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் தள்ளி, காது உயரத்துக்கு ஸ்டூலில் வைக்கச் சொல்லுங்கள். பாதி சத்தத்திலேயே எல்லாம் கேட்கும். பத்து மணிக்கு மேல் ஹெட்போன் மாட்டிக்கொள்ளட்டும்.

கல்யாண வீடியோ எடுக்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் நாதஸ்வரக் கச்சேரியை முழுதாகப் படமாக்க ஆசை. இந்தப் படத்திலிருந்து நான் என்ன எடுத்துக்கொள்ளலாம்?
– வீடியோகிராஃபர், மன்னார்குடி

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்டாயம் செய்யுங்கள்.

ஸ்கார்செஸி வெறுமனே கேமராவை வைத்துவிட்டு எடுக்கவில்லை. எந்த வரியில் யார் பாடுகிறார், எந்த இடத்தில் எந்த வாத்தியம் எழும்புகிறது என்று பாட்டு பாட்டாகப் பிரித்து, எந்தக் கேமரா எங்கே பார்க்க வேண்டும் என்று 300 பக்கத்துக்குத் திட்டம் எழுதிவைத்தார். ஏழு 35 எம்.எம். கேமராக்கள். நீங்களும் வித்வானிடம் முன்கூட்டிப் போய் என்ன ராகம் ஆலாபனை, எங்கே தவில் தனி, யார் யாருக்கு விடுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதி அன்றைக்கு மாறும். பரவாயில்லை, மாறுகிறது என்பதாவது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கேமராக்களில் ஆயிரம் அடி ஃபிலிம் சுருள் பதினோரு நிமிஷம்தான் ஓடும். அப்புறம் மாற்றியாக வேண்டும். மட்டி வாட்டர்ஸ் பாட வந்த நேரத்தில் மற்றக் கேமராக்கள் எல்லாம் நின்றுவிட்டன. லாஸ்லோ கோவாச் என்ற ஒளிப்பதிவாளர் மட்டும், காதில் ஓயாமல் உத்தரவு வந்துகொண்டிருந்ததில் சலித்து ஹெட்போனைக் கழற்றிவைத்திருந்தார். நிறுத்தச் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, ஓட்டிக்கொண்டே இருந்தார். அதனால்தான் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்தது. ஒரே கேமரா, கிட்டே போகிறது, விலகுகிறது, அவ்வளவுதான். படத்தில் நான் அதிகம் போட்டுப் பார்த்தது அதைத்தான். ஆகவே ஒரு கேமராவை வித்வான் மேலேயே வைத்துவிடுங்கள், என்ன ஆனாலும் அது நிற்கக் கூடாது. பாட்டரியும் கார்டும் எல்லாக் கேமராவிலும் ஒரே நேரத்தில் தீராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கூட்டத்தைக் காட்டாதீர்கள். இப்போது எடுக்கிற வீடியோக்களில் தனி உச்சத்துக்குப் போகும்போது சட்டென்று ட்ரோன் மேலே போய்க் கோபுரத்தைக் காட்டுகிறது. கோர்வை முடியும்போது தவில்காரரின் முகம் போய்விடுகிறது. 'லாஸ்ட் வால்ட்ஸி'ல் ஐயாயிரம் பேர் இருந்தும் கேமரா மேடையை விட்டு அதிகம் இறங்காது. உட்கார்ந்து வாசித்தால் நீங்களும் உட்காருங்கள், கேமரா அவர்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரல் கூடுகளும் இடது பக்கமான தொப்பியில் கழியும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும். இரண்டாவது தவிலை மறக்காதீர்கள். ஒலியை மிக்சரிலிருந்து நேராக எடுங்கள், கூடவே பத்தடி தள்ளி ஒரு மைக் தனியாக வையுங்கள். மிக்சர் ஒலி மட்டும் இருந்தால் பிராகாரத்தின் எதிரொலி செத்துப்போகும்.

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை இசைத்தட்டில் கேட்கிறோம். 1940-ல் வந்த 'காளமேகம்' படத்தில் அவர் நடித்தும் இருக்கிறார். ஆனால் ஓர் இரவு முழுக்க அவர் வீதியில் நின்று வாசித்ததை ஏழு கேமரா வைத்து யாரும் எடுக்கவில்லை. இப்போது வாசிப்பவர்களையாவது எடுத்துவையுங்கள்.

எனக்கு ஆங்கிலம் வராது. பார்த்தால் புரியுமா?
– உப்பளத் தொழிலாளி, வேதாரண்யம்

புரியும். நடுவில் வரும் பேட்டிகளில் கொஞ்சம் விட்டுப்போகும். பாட்டில் ஒன்றும் போகாது.

டிரம்ஸ் வாசித்த லெவான் ஹெல்முக்கே இந்தப் படம் பிடிக்கவில்லை என்று படித்தேன். போதாக்குறைக்கு ஸ்டுடியோவில் பல இடங்களைத் திருத்தினார்களாம். அப்படியிருக்க இதை எப்படிக் கொண்டாடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

டீச்சர், இரண்டும் உண்மை.

1993-ல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் ஹெல்ம் கடுமையாகவே எழுதியிருக்கிறார். ஐந்து பேர் சேர்ந்து நடத்திய குழுவை ராபர்ட்சனும் அவருக்குப் பின்னால் நால்வரும் என்பதுபோலக் காட்டிவிட்டார்கள் என்பது அவர் ஆற்றாமை. நான் அவர் கட்சி. மேனுவலைக் கவனித்துப் பாருங்கள், அத்தனை உருக்கமான குரல், ஆனால் கேமரா அவரிடம் போவது எவ்வளவு அபூர்வம்! பேட்டிகளில் ராபர்ட்சன்தான் அதிகம் பேசுகிறார். ஊர் ஊராகச் சுற்றியது போதும், நிறுத்தலாம் என்று நினைத்தவரும் அவர்தான். ஹெல்முக்கு அதில் சம்மதமில்லை.

ஆனால் எந்த மேளத்தில்தான் இந்தச் சண்டை இல்லை? சம்பளப் பங்கு, நோட்டீஸில் யார் பெயர் மேலே என்று கோர்ட்டு வரை போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களே மேடையில் உட்கார்ந்தால் ஒருவர் மூச்சை ஒருவர் அளந்து வாசிப்பார்கள். அன்றைக்கு இந்த ஐவரும் அப்படித்தான் வாசித்தார்கள். ஹெல்மின் கோபத்தைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது எனக்குப் படம் குறையவில்லை. அந்த மனத்தாங்கலோடு இப்படிப் பாடியிருக்கிறாரே என்று மரியாதை கூடுகிறது.

ஸ்டுடியோ திருத்தம் பற்றி: சுருதி விலகிய இடங்களையும் சரியாகப் பதிவாகாத இடங்களையும் பிற்பாடு வாசித்துச் சேர்த்தார்கள். கச்சேரிப் பதிவு என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்வது எனக்கு முழுக்க உடன்பாடில்லை. ஆனால் நேரடிப் பதிவில் ஒரு மைக் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் என்பதால் ரொம்பவும் குறை சொல்ல மாட்டேன். ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குடும்பம் வரும் பாட்டு கச்சேரியில் எடுத்ததே அல்ல, பின்னால் படப்பிடிப்புத் தளத்தில் தனியாக எடுத்தது. அது முடிந்ததும் அந்தக் குடும்பத்துப் பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் தனக்குள் 'அழகு' என்று முணுமுணுப்பது கேட்கும். அந்த ஒரு சொல்லுக்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம்.

அந்த ஐவரில் இப்போது யார் இருக்கிறார்கள்?
– வாசகர், நாகப்பட்டினம்

யாரும் இல்லை. மேனுவல் 1986-லும், டான்கோ 1999-லும், ஹெல்ம் 2012-லும், ராபர்ட்சன் 2023-லும் போனார்கள். கடைசியாக 2025 ஜனவரியில் வாத்தியார் ஹட்சன்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் இந்தப் படத்தைத் திரையிட நினைக்கிறோம். யோசனை சொல்லுங்கள் அண்ணே. நவம்பர் 25 அன்றே வைக்கலாமா?
– இளைஞர் குழு, பாபநாசம்

நவம்பர் வேண்டாம் தம்பிகளா. அடைமழைக் காலம், மண்டபத்துக்குத் தகரக் கூரை என்று எழுதியிருக்கிறீர்கள். மழை விழுந்தால் ஹட்சனின் ஆர்கனுக்கு மேலே கூரைதான் வாசிக்கும். சம்பா வயலில் தண்ணீர் வடிய வைக்கிற கவலையில் பெரியவர்கள் வரவும் மாட்டார்கள். தை அறுவடை முடிந்து, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள். படத்தின் உரிமை வைத்திருப்பவர்களிடம் திரையிடுவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, இடைவேளை வேண்டாம். கோன் ஸ்பீக்கர் கட்டவே கட்டாதீர்கள். திரைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாக்ஸ் போதும். பின்சுவர் டைல்ஸ் என்றால் எதிரொலிக்கும், சமையல்கட்டில் கிடக்கிற ஜமக்காளங்களை எடுத்து அங்கே தொங்கவிடுங்கள். ஜெனரேட்டர் மண்டபத்துக்குப் பின்னால் தூரத்தில் இருக்கட்டும். ஆள் இல்லாதபோது சரியாக இருந்த சத்தம் கூட்டம் நிறைந்ததும் உள்வாங்கிவிடும், அப்போது கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

உங்கள் பக்கத்து ஊர்களில் மேளக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை நேரில் போய் அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள். கிளாப்டனின் வார் கழல்கிற இடம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பாக்ஸும் மிக்சரும் நான் கொண்டுவருகிறேன், வாடகை வேண்டாம். வண்டிச் செலவு மட்டும் கொடுங்கள். தேதியைப் பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள், மாசியில் எனக்குக் கோயில் வேலை வந்துவிடும்.