இரண்டு ஆஸ்பிரே (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாஷிங்டன் அருகே போட்டோமாக் ஆற்றில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கழுகும் கொக்கும் வரும் என்று ஆசையாகப் படித்தால், பாதியை விமானங்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஆற்றுக்குப் போயும் அந்த இரைச்சலை ரசிக்க எப்படி மனம் வந்தது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இரைச்சலை ரசிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவை ஏன் ஆற்றின் மேலேயே வருகின்றன என்பதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

அங்குள்ள ரீகன் விமான நிலையம் 1941-இல் ஆற்றங்கரையை ஒட்டித் திறக்கப்பட்டது. எதிர்க்கரை நகரத்தில் வெள்ளை மாளிகை. அதன்மேல் பறக்கத் தடை. அதனால் வடக்கிலிருந்து இறங்கும் விமானங்கள் ஆற்றையே வழியாக வைத்துக்கொண்டு, அது வளையும் இடத்தில் தாமும் வளைந்து, சக்கரங்களைத் தொங்கவிட்டபடி வருகின்றன. அதுவும் தெற்குக் காற்று அடிக்கும் நாளில்தான். விமானம் எதிர்க்காற்றில் இறங்குவதுதான் வழக்கம்.

அந்தக் காற்று எனக்கும் எதிர்க்காற்றுதான். ஜார்ஜ்டவுனில் வாடகைக் கயாக்கில் ஏறி, ரூஸ்வெல்ட் தீவின் தென்முனையைத் தொடுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. துடுப்பை மடியில் போட்டு மூச்சு வாங்கியபோதுதான் விராலடிப்பான் என்னும் மீன்பிடிக்கும் பறவையைப் பார்த்தேன். அதுவும் காற்றுக்கு முகம் கொடுத்து, ஓரிடத்திலேயே சிறகடித்து நின்றது. திடீரென்று கால்களை முன்னே நீட்டி நீரில் விழுந்தது. மீனோடு எழுந்து, நனைந்த நாய்போல உடலை உதறிக்கொண்டது. குறுக்கே கிடந்த மீனைப் பறந்துகொண்டே மெல்லத் திருப்பி, தலை முன்னால் வரும்படி பிடித்துக்கொண்டது. அப்படிப் பிடித்தால் காற்று அதிகம் தடுக்காது. அண்ணாந்து பார்த்ததில் கயாக் சரிந்து மடியெல்லாம் தண்ணீர். இதையும் கட்டுரையில் மறைத்துவிட்டேன்.

இன்னொரு நாள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மேசன் நெக் போனோம். வெண்தலைக் கழுகுக்கென்றே 1969-இல் உருவான சரணாலயம் அது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து அந்த இனமே அருகிப்போயிருந்த காலம். 1972-இல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்தது. 2007-இல் கழுகு ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. அங்கே கூட வந்தவர் “ஆஸ்பிரே!” என்று கத்தினார். விராலடிப்பானின் ஆங்கிலப் பெயர் அது. நான் மரக்கிளைகளில் தேடிக்கொண்டிருக்க, தலைக்கு மேல் இராணுவத்தின் ஆஸ்பிரே விமானம் தடதடவென்று போயிற்று. இறக்கை நுனியில் உள்ள சுழலிகளை மேலே திருப்பினால் ஹெலிகாப்டர், முன்னே திருப்பினால் விமானம். பெயர் வைத்தவருக்கு ஆற்றோரப் பழக்கம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 29 இரவு இதே ஆற்றின் மேல் பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அதனால் ஒவ்வொரு விமானத்தையும், அது இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ரசித்தேன்’ என்று கட்டுரையில் எழுதியது சரியான சொல் அல்ல. அதை நீங்கள் பிடித்தது நியாயம்தான்.

விராலடிப்பானுக்காக நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பழவேற்காட்டுக்கே வருகிறது. படகில் போனால், உட்கார்ந்தே அண்ணாந்து பாருங்கள்.