மருந்து போட்டால் மறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 34. சின்ன வயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் அரிப்பு உண்டு. இடையில் சில வருடங்கள் இல்லாமல் இருந்தது. இப்போது ஆறு வருடமாகத் திரும்ப வந்து, கழுத்து, கண் இமை வரை பரவிவிட்டது. பகலில் எப்படியோ சமாளிக்கிறேன். ராத்திரி தூக்கத்தில் என்னை அறியாமல் சொறிந்துவிடுகிறேன். காலையில் பார்த்தால் போர்வையில் ரத்தக் கறை. மூன்று தோல் மருத்துவர்களைப் பார்த்தாயிற்று, மூவரும் எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி) என்றார்கள். களிம்பு போட்டால் நாலைந்து நாளில் மறைகிறது, நிறுத்தினால் பத்து நாளில் அதே இடத்தில் வருகிறது. ஸ்டீராய்டு என்பதால் பயந்து கொஞ்சமாகத்தான் தடவுகிறேன். 15 கிராம் ட்யூப் ஐந்து மாதம் வருகிறது. இதற்கு நிரந்தரத் தீர்வே கிடையாதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதை அடியோடு ஒழித்து, இனி வரவே வராது என்று சொல்லும்படியான மருந்து இன்றுவரை இல்லை. ரத்த அழுத்தத்தைப் போல இதுவும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய நோய். ஆனால் கட்டுக்குள் வைப்பது என்றால் அரைகுறையாகச் சமாளிப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விடியும்வரை தூங்குவது, அரிப்பு என்ற நினைப்பே இல்லாமல் வாரங்கள் கழிவது, இதுதான் இலக்கு. உங்கள் கடிதத்தைப் படித்தவரை, அதற்கான சிகிச்சையை நீங்கள் இன்னும் முழுதாக எடுத்துப் பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. மூன்று மருத்துவர்கள் எழுதிய மருந்தும் தோற்றிருக்கலாம். ஆனால் ஐந்து மாதம் வரும் 15 கிராம் ட்யூபை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை களிம்பைப் பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு அது போதும். உங்களுக்கு முழங்கை மடிப்பு இரண்டு, முழங்கால் பின்புறம் இரண்டு. இடத்துக்கு ஒரு உள்ளங்கை என்று வைத்தாலே நாளுக்கு ஒரு கிராம் வேண்டும். கழுத்தைச் சேர்க்காமலே 15 கிராம் ட்யூப் பதினைந்து நாளில் காலியாக வேண்டும்.

அடுத்தது, நீங்கள் நிறுத்தும் நாள். நாலைந்து நாளில் சிவப்பு போய்விடும், அரிப்பும் அடங்கிவிடும், ஆனால் தோலுக்குள் அழற்சி இருந்துகொண்டேதான் இருக்கும். வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் முழங்கை மடிப்பைத் தடவுங்கள். அப்புறம் நான்கு விரற்கடை தள்ளி, எப்போதுமே ஒன்றும் வராத இடத்தைத் தடவுங்கள். முதல் இடம் சற்றே தடிப்பாகவோ சொரசொரப்பாகவோ தட்டுப்பட்டால் வேலை இன்னும் முடியவில்லை. இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்வரை மருந்து தொடர வேண்டும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

அதற்குப் பிறகும் ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது. திரும்பத் திரும்ப வரும் அதே இடங்களில், தோல் நன்றாக இருக்கும்போதே, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தடவி வருவது ஒரு முறை. சனி, ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வந்த பிறகு அணைப்பதைவிட, வராமல் தடுப்பதற்கு மொத்தத்தில் குறைவான மருந்தே செலவாகும். உங்கள் தோலுக்கு எந்த மருந்தில், எத்தனை மாதம் இப்படிச் செய்யலாம் என்று உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

ஸ்டீராய்டு பயத்தை நான் கிண்டல் செய்யப்போவதில்லை. தோலில் தடவும் ஸ்டீராய்டு 1952லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் நல்லது கெட்டது இரண்டையும் நிறையவே பார்த்துவிட்டோம். பயப்பட வேண்டிய இடங்கள் உண்டு: முகம், இமை, அக்குள், தொடை இடுக்கு. வீரியமானதை அங்கே மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், இமையென்றால் கண்ணுக்குள் அழுத்தம்கூட ஏறலாம். ஆனால் ஸ்டீராய்டு என்பது ஒரே மருந்தின் பெயரில்லை. மிக மென்மையான ஹைட்ரோகார்டிசோனையும் மிக வீரியமான குளோபெட்டசாலையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது. பின்னது முன்னதைப் போல சுமார் 600 மடங்கு வீரியம் என்பார்கள். ட்யூபில் 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படுவதைவிட, அது எந்த வீரியம், உடம்பில் எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று கேட்பதே மேல். ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்து வரும் களிம்புகளை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்லப்படும் அந்தக் களிம்பு, என்ன நோய் என்பதையே மறைத்துவிடும்.

இமைக்கும் கழுத்துக்கும் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ், பைமெக்ரோலிமஸ் களிம்புகள் உண்டு. தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் தடவியதும் எரியும். தோல் ஆற ஆற எரிச்சலும் போய்விடும். இந்த எரிச்சலை ஒவ்வாமை என்று நினைத்து இரண்டாம் நாளே ட்யூபைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். முன்கூட்டியே எச்சரிக்காத எங்கள் ஆட்கள் மீதும் தப்பு இருக்கிறது.

சரி, இது ஏன் வருகிறது? பலருக்குத் தோலின் மேலடுக்கு மூடி சரியாகப் பொருந்தாத டப்பா மாதிரி இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே போகும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைக் கண்டு கொதிக்கும். ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறை சிலருக்கு இதற்குக் காரணம் என்று 2006ல் தெரியவந்தது. அதனால்தான் அரிப்பு இல்லாத நாளிலும் மாய்ஸ்சரைசரை விடாதீர்கள் என்று சொல்கிறோம். வாசனை சேர்க்காதது, கெட்டியானது, குளித்துத் துவட்டிய சில நிமிடங்களுக்குள் ஈரத்தோடு தடவ வேண்டும். உடம்பு முழுக்க வறட்சி என்றால் பெரியவர்களுக்கு வாரம் கால் கிலோ வரைகூடத் தேவைப்படும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சாதாரண சோப்பின் காரத்தன்மை இந்தத் தோலுக்கு ஆகாது, சோப்பு அல்லாத கழுவும் திரவம் தேவலை.

இப்போது சொறிவது. 1660ல் சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், சொறியத் தூண்டும் சங்கடமான உணர்வே அரிப்பு என்று வரையறுத்தார். இன்றும் பாடப்புத்தகங்களில் அதைத்தான் எழுதுகிறோம். சொறியாதே என்று சொல்வது சுலபம். சொறியும்போது கிடைக்கும் அந்த ஒரு நிமிட சுகம் பொய்யில்லை. ஆனால் நகம் பட்ட தோல் தடிக்கும், தடித்த தோல் இன்னும் அரிக்கும். இதில் பாதி அரிப்பால் வருவது, பாதி வெறும் பழக்கம். இரண்டையும் பிரித்துப் பார்க்க, ஒரு வாரம் ஒரு காகிதத்தில் ஒவ்வொரு முறை கை போகும்போதும் ஒரு கோடு போடுங்கள். போனில் பேசும்போது, படிக்கும்போது, உடை மாற்றும்போது என்று நேரம் பிடிபடும். அந்த நேரங்களில் கை மேலே போனதும் முஷ்டியை இறுக மூடி முப்பது எண்ணுங்கள். அப்புறமும் அரித்தால் அந்த இடத்தை நகம் படாமல் அழுத்துங்கள் அல்லது ஈரத்துணியை வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் கோடுகள் குறையும்.

ராத்திரிக்கு அலர்ஜி மாத்திரை தருவார்கள். எக்ஸிமா அரிப்பில் ஹிஸ்டமினுக்கு (அந்த மாத்திரைகள் தடுக்கும், உடம்பே சுரக்கும் ரசாயனம்) பெரிய பங்கு கிடையாது, அதனால் தூக்கம் வராத வகை மாத்திரைகளால் பெரிதாகப் பயனிருக்காது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை சில நாள் கைகொடுக்கும், அவ்வளவுதான். நகத்தை ஒட்ட வெட்டுவதும் படுக்கும் அறையைக் குளிர்ச்சியாக வைப்பதும் அதற்குக் குறைந்தவை அல்ல.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. மடிப்புகளில் இருப்பது பழைய எக்ஸிமாதான். ஆனால் புதிதாக இமைக்கும் கழுத்துக்கும் வந்தது வேறாக, தோலில் படும் ஏதோ ஒரு பொருளால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். நகப்பூச்சு போடுவீர்களா? நகத்தைச் சுற்றி ஒன்றுமே செய்யாது. அந்த விரல் அடிக்கடி தொடும் இமையிலும் கழுத்திலும் போய் அரிப்பைக் கிளப்பும். ஹேர் டை, வாசனைத் திரவியம், நிக்கல் கலந்த நகை, ஏன், நீங்கள் போடும் களிம்பே கூடக் காரணமாக இருக்கலாம். இதற்குப் பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும்: முதுகில் சிறு ஒட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அன்றும் நாலாம் நாள் வாக்கிலும் பார்ப்பார்கள். ரத்தத்தில் செய்யும் அலர்ஜிப் பரிசோதனை இதைக் காட்டாது. அந்த ரத்த முடிவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாப்பாடாக நிறுத்திக்கொண்டே போகிறவர்களுக்கு அரிப்பு அப்படியே இருக்கும், உடம்புதான் இளைக்கும். வீட்டில் வேறு யாருக்காவது ராத்திரி அரிக்கிறதா, விரல் இடுக்கில் சிறு பருக்கள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம்; அதற்கு மருந்தே வேறு, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் போட வேண்டும்.

இவ்வளவையும் ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் செய்தும் தூக்கம் கெடுகிறதென்றால், அடுத்த படிக்குப் போகலாமா என்று நீங்களே கேளுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை குறுகிய அலைவரிசைப் புறஊதா ஒளி கொடுக்கும் சிகிச்சை இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும். சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் மெதுவாகத்தான் பலன் தரும். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அது கூடவே கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2017ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. சிலருக்குக் கண் சிவக்கும் தொல்லை தவிர, பலருக்கு அரிப்பை நன்றாகவே அடக்குகிறது. ஜாக் தடுப்பான் மாத்திரைகள் (செல்லுக்குள் அழற்சிச் சைகையைத் தடுப்பவை) சில நாட்களிலேயே அரிப்பைக் குறைத்துவிடும். ஆனால் அக்கி, ரத்தக்கட்டு போன்ற அபாயங்களை எடைபோட்டு, ரத்தப் பரிசோதனை செய்துதான் தொடங்குவார்கள். ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ அவ்வப்போது போட்டுக்கொள்ளும் வழியை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு வாரம் சொர்க்கம் மாதிரி இருக்கும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

திடீரென்று வலியோடு, ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கொப்புளங்களும் குழிப்புண்களும் கூட்டமாக வந்து, காய்ச்சலும் அடித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது ஹெர்பீஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். மஞ்சள் பொருக்குத் தட்டி நீர் வடிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இதுவரை போட்ட ட்யூப்கள் எல்லாவற்றையும், பாதி தீர்ந்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். மோசமான நாளில் எடுத்த போட்டோவும் இருக்கட்டும். சந்திப்புக்குப் போகிற அன்றைக்குப் பார்த்து தோல் நன்றாகத்தான் இருக்கும். கடந்த வாரம் எத்தனை ராத்திரி விழித்தீர்கள் என்ற எண்ணிக்கையை உட்கார்ந்ததும் முதலில் சொல்லுங்கள். போர்வையில் ரத்தம் இருந்ததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று மருத்துவர்களிடம் சொன்னீர்களா?