பங்காளி வீட்டு ஆஸ்டின் காரை இரவோடு இரவாக எடுத்துப் போகலாமா?

கேள்வி: எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) தன் சம்பாத்தியத்தில் 1951-இல் வாங்கிய ஆஸ்டின் ஏ 40, கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பொது வீட்டுக் கார் செட்டில் நிற்கிறது. ஐயா உயில் எழுதாமல் 1989-இல் காலமானார். அப்பத்தாவும் இல்லை. அத்தைமார் இருவருக்கும் அந்தக் காலத்திலேயே சீர் செய்து அனுப்பியாகிவிட்டது. 2016-இல் தவறும்வரை அப்பச்சிதான் (என் அப்பா) காருக்குச் செலவழித்தார். சித்தப்பா ஒரு டயர்கூட வாங்கித் தந்ததில்லை, அப்பச்சி காரியத்துக்கும் வரவில்லை. இப்போது அவர் மகன் வியாபாரிகளைக் கூட்டிவந்து காரைக் காட்டுகிறான். போன மாதம் இரண்டு வீல் கப்பும் ஹாரனும் காணாமல் போயின. செட் சாவி இரு தரப்பிடமும் இருக்கிறது. ஆர்.சி. ஐயா பெயரில். இன்சூரன்ஸ் அப்பச்சி பெயரில். நான்தான் தவறாமல் கட்டி வருகிறேன். களவு போகும்முன் காரை லாரியில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்துவிட நினைக்கிறேன். ஆத்தாவும் (என் அம்மா) தங்கையும் சம்மதம் என்கிறார்கள். சட்டப்படி சரிதானே?
- வாசகர், கோவை

பதில்: சரியில்லை. லாரிக்குச் சொல்லியிருந்தால் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

யார் செலவழித்தார், காரியத்துக்கு யார் வரவில்லை என்பதெல்லாம் உங்களுக்கு வலிக்கும், வழக்குக்கு உதவாது. இங்கே கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு அந்தக் கார் யாருடையது? உயில் இல்லாததால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி ஐயாவின் பிள்ளைகள் நால்வருக்கும் கால் பங்கு. மகள்களும் பிள்ளைகள்தான். சீர் செய்து அனுப்பியதால் அவர்கள் பங்கு போய்விடாது. அவர்களே கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்திருந்தால்தான் போகும். அப்பச்சியின் கால் பங்கு ஆத்தா, நீங்கள், தங்கை மூவருக்கும் பிரியும். ஆக அந்தக் காரில் உங்களுடையது பன்னிரண்டில் ஒரு பங்கு. மூவரும் சேர்ந்தாலும் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கின் சம்மதம் இல்லாமல் அதை ஊர் தாண்டிக் கொண்டுபோகக் கிளம்புகிறீர்கள்.

பங்காளி வீட்டுக் கார் விவகாரங்களில் பாதிப் பேர் விழுகிற குழி இதுதான். தனக்கும் பங்குள்ள பொருளானாலும், கூட்டு அனுபவத்தில் இருப்பதை நேர்மையற்ற எண்ணத்தோடு ஒருவர் தனதாக்கிக்கொண்டால் அது திருட்டாகலாம். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 303-ஆம் பிரிவு, பூட்டிய கட்டடத்துக்குள்ளிருந்து எடுத்தால் 305-ஐயும் சேர்ப்பார்கள், அதற்கு ஏழு ஆண்டுவரை தண்டனை. ‘பாதுகாக்கத்தான் எடுத்தேன்’ என்பது நல்ல எதிர்வாதம். ஆனால் அதைக் கேட்க நீதிபதி உட்காருவது விசாரணையின்போது. அதற்கு முன்னால் முன்ஜாமீனுக்கு நீங்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அலைய வேண்டியிருக்கும், கார் காவல் நிலைய வாசலில் நிற்கும். மாறாக, சித்தப்பா மகன் முந்திக்கொண்டு எடுத்துப் போய், நீங்கள் புகார் கொடுத்தால், ‘பங்காளித் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்க’ என்று சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கான ரசீது மட்டும், எஃப்.ஐ.ஆர். அல்ல) அனுப்பிவைக்கவே வாய்ப்பு அதிகம். பேப்பர் சரியில்லாதவரை திருட்டுச் சட்டம் உங்களைக் காக்காது.

கைப்பற்றிய வண்டியை நிலையத்தில் மக்கவிடக் கூடாது, படம் எடுத்து மகஜர் எழுதிச் சீக்கிரம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் யாரிடம் கொடுப்பது? பி.என்.எஸ்.எஸ். (குற்ற நடைமுறைச் சட்டம்) 497, 503 பிரிவுகளில் மனுப் போட்டால் மாஜிஸ்திரேட் முதலில் பார்ப்பது ஆர்.சி. உங்கள் ஆர்.சி.யில் இருப்பவர் 1989-இல் காலமானவர். இரண்டு தரப்பு எனக்கு உனக்கு என்று நின்றால், சிவில் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்பார். அதுவரை வெயிலும் மழையும்தான். எழுபது வயதுக் காரில் ரப்பர் பீடிங் வெடிக்கும், வயரிங்கை எலி தின்னும், குரோமியம் உரியும். ஏ 40-க்கான கதவுக் கைப்பிடி ஒன்று தொலைந்தால் தேடி எடுக்க எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

சிவில் வழக்குப் போடலாமா என்றால், காருக்கு மட்டும் பாகப்பிரிவினை கேட்க முடியாது. பொதுச் சொத்தில் ஒன்றை மட்டும் பிரிக்கச் சொல்வது பகுதிப் பாகப்பிரிவினை, எதிர்த்தரப்பு முதல் வாதமாக அதைத்தான் எடுக்கும். பிறகு வீட்டையும் சேர்க்க வேண்டும். வீட்டில் எத்தனை புள்ளி (பங்குள்ள குடும்பம்), அதில் எத்தனை பேர் மலேசியாவில் என்று கணக்கெடுத்துச் சம்மன் சார்பு செய்வதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். முடிவில் கோர்ட்டும் காரை இரண்டாக அறுத்துத் தரப்போவதில்லை, விற்றுப் பணத்தைத்தான் பிரிக்கும்.

ஆகவே சமரசம். மழுப்பாமல் சொல்கிறேன்: சித்தப்பா பங்கையும் அத்தைமார் பங்கையும் பணம் கொடுத்து வாங்குங்கள், மதிப்பீட்டாளர் சொல்கிற விலைக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்து. கார் அசையும் சொத்து என்பதால் பதிவு அலுவலகம் போக வேண்டிய கட்டாயமில்லை. முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்), இரண்டு சாட்சி, நோட்டரி போதும். பணம் வங்கி வழியாகப் போகட்டும். அத்தைமாரில் ஒருவர் தவறியிருந்தால் அவர் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் பத்திரத்தில் ஓட்டைதான். சேஸ் எண், இன்ஜின் எண், ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் பை, அசல் ஆர்.சி. புத்தகம் எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதுங்கள். ஆர்.டி.ஓ.வில் படிவம் 31-க்கு (உரிமையாளர் இறந்தபின் வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம்) வேண்டிய சம்மத உறுதிமொழியையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். ‘அப்புறம் போட்டுத் தர்றேன்’ என்பதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் இன்னும் அலைகிறார்கள். சித்தப்பாதான் வாங்குவேன் என்றால், உங்கள் மூவரின் கால் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு விலகுவதும் தோல்வியில்லை.

எண்களை நேரில் பாருங்கள். பழைய ஆஸ்டின்களில் பலவற்றுக்கு இடையில் வேறு இன்ஜின் ஏற்றியிருப்பார்கள், ஆர்.சி.யில் மாற்றியிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தால் நாளை களவு போய்க் கிடைத்தாலும் இது உங்கள் கார்தான் என்று காட்டுவது சிரமம். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை வின்டேஜாகப் பதியலாம்; ஆனால் சேஸ், பாடி, இன்ஜின் அசலாக இருக்க வேண்டும். அந்தப் பதிவு வாங்கினால் ஷூட்டிங்குக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுவதை மறந்துவிடுங்கள். தொழில் நோக்கில் ஓட்டத் தடை உண்டு.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நீங்கள் கட்டிய பணம் சொந்தச் சேதத்துக்கும் திருட்டுக்கும் வீண். பாலிசிதாரர் இறந்தால் மூன்று மாதமோ பாலிசி முடியும் நாளோ, எது முந்தியதோ அதுவரைதான் அது செல்லும் என்று பாலிசியிலேயே அச்சிட்டிருக்கும். இங்கே ஆர்.சி. ஒருவர் பெயர், பாலிசி இன்னொருவர் பெயர், இருவருமே உயிரோடில்லை. ஆர்.சி. புதுப்பிக்காமல் கிடந்தால் அது தனிச் சிக்கல். ஜோத்பூரில் விடுதி வாசலிலிருந்து களவு போன பொலீரோவுக்கு, தற்காலிகப் பதிவு காலாவதி என்ற ஒரே காரணத்தால் 2021-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்தது. உங்கள் கார் சாலையிலேயே இல்லை, செட்டுக்குள் நின்றது என்று வேறுபடுத்தி வாதாடலாம். வாதாட இடமிருக்கிறது என்பது பணம் வரும் என்பதாகாது.

பேச்சு முடியும்வரை செய்ய வேண்டியவை உண்டு. வீல் கப், ஹாரன் காணாமல் போனதற்கு இப்போதே புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்குங்கள், ‘அடையாளம் தெரியாதவர்’ என்றே எழுதுங்கள், சித்தப்பா மகன் பெயர் வேண்டாம். பெயரைப் போட்ட மறுநாள் சமரசக் கதவு மூடிவிடும். ஆர்.டி.ஓ.வுக்கு, எல்லா வாரிசுகளின் கையெழுத்தின்றிப் பெயர் மாற்றக் கூடாது என்று ஆட்சேபணை மனு கொடுத்து ஒப்புதல் முத்திரை பெறுங்கள். பழைய எண் கணினியில் ஏறியிருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். ஏறாவிட்டால், அசல் புத்தகத்தைக் காட்டி அதை ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றம் நகரும்.

இரு தரப்பும் சேர்ந்து நின்று சாமான் பட்டியல் எடுத்துக் கையெழுத்திடுங்கள். சேஸ் எண்ணைப் பென்சில் அச்சு எடுத்து அதோடு இணையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ரோட்டாரைக் கழற்றி வைத்தால் ஓட்டிப்போக முடியாது, ஆனால் வின்ச் போட்டு லாரியில் இழுத்துவிடலாம். அதனால் தரையில் கான்கிரீட்டில் பதித்த வளையத்தோடு பின் அச்சைத் தடித்த சங்கிலியால் பூட்டி, சாவியை இரு தரப்புக்கும் பொதுவான பெரியவர் ஒருவரிடம் கொடுங்கள். ஜி.பி.எஸ். கருவி பொருத்துவதென்றால் தனி பேட்டரியில் ஓடுவதாகப் பாருங்கள். இந்தக் காருக்கு பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் உடலோடு இணைந்திருக்கும். இப்போதைய கருவியை வழக்கம்போல் இணைத்தால் கருகிவிடலாம்.