கொடுவா மீன் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டால்

உயிர் இறால் கோத்துப் போட்டதில் கொடுவா முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிடுகிறது, பிடுங்குவதா அப்படியே விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள். இதயமும் செவுளுக்குப் போகும் ரத்தக்குழாயும் தொண்டைக்கு அடியிலேயே இருக்கின்றன. குறடை விட்டுத் திருகினால் அவை கிழிந்துவிடும்.

மீனைத் தண்ணீரிலேயே வைத்து, முள்ளை ஒட்டித் தூண்டில் நரம்பை நறுக்கிவிடுங்கள். முள் உள்ளே இருந்தும் நிறைய மீன்கள் பிழைத்து இரை எடுக்கின்றன. சாதாரண முள் நாளாக ஆகத் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் முள் லேசில் துருப்பிடிக்காது. விடுவதற்காகப் பிடிப்பவர் அதை வாங்கவே வேண்டாம். தூக்க வேண்டியிருந்தால் கையை நனைத்து வயிற்றைத் தாங்குங்கள், தாடையில் தொங்கவிடாதீர்கள். செவுள் மூடியின் ஓரம் கையைக் கிழிக்கும், கவனம்.

செவுளிலிருந்து ரத்தம் கொட்டினால் அது பிழைப்பது கஷ்டம். அந்த இடத்தில் எடுக்க அனுமதி இருந்தால் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

அப்புறம், முனை உள்பக்கமாக வளைந்திருக்கும் சர்க்கிள் முள்ளுக்கு மாறுங்கள். கடித்ததும் வெடுக்கென்று சுண்டாமல் நிதானமாக ரீலைச் சுற்றினால் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். நரம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் மட்டும் எந்த முள்ளையும் விழுங்கிவிடும்.