மணலைத் தொடாமல் குமிழியை அளக்க

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒரு ஃப்ளூயிடைஸ்டு பெட் (கீழிருந்து ஊதும் காற்றில் மணல் திரவம்போல் புரளும் படுகை) இருக்கிறது; அது 10 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் குழாய். உள்ளே 20 செ.மீ. உயரத்துக்கு 0.3 மி.மீ. மணல். உள்ளே சென்சார் கம்பியை நுழைத்தால் குமிழிகள் அதை ஒட்டியே ஏறுகின்றன. வெளியிலிருந்தே அளக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் அழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். செலவு குறைவு, கிடைக்கும் தகவலோ ஏராளம். குழாய்ச் சுவரில் 4 செ.மீ., 14 செ.மீ. உயரங்களில் துளையிட்டு, உட்பக்கம் துருத்தாமல் 3 மி.மீ. குழல்களைப் பொருத்துங்கள். இரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஏறத்தாழ அந்த 10 செ.மீ. மணலின் எடையைத்தான் சொல்கிறது. மணலின் அடர்த்தி 2600 கிலோ/கன மீட்டர், துகள்கள் 55 சதவீத இடத்தை அடைத்திருந்தால் சுமார் 1400 பாஸ்கல் வரும். 1150-க்கு இறங்கினால் துகள் பங்கு 45 சதவீதம்.

சராசரியோடு நிறுத்திவிடாதீர்கள். நொடிக்கு 200 முறை பதிவு செய்து, திட்ட விலக்கத்தை (அழுத்தம் சராசரியைச் சுற்றி ஏறி இறங்கும் அளவு) காற்றின் வேகத்துக்கு எதிராக வரையுங்கள். குமிழிகள் நன்றாக எழும் பகுதியில் புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். அக்கோட்டைக் கீழே நீட்டினால் அது வேக அச்சைத் தொடும் இடமே மணல் புரளத் தொடங்கும் வேகம். உங்கள் மணலுக்கு நொடிக்கு 7 அல்லது 8 செ.மீ. அளவில் வர வேண்டும்.

பெரும்பாலும் தவறுவது குழல் வாயில்தான். மணல் புகுந்து பாதி அடைத்தால் சராசரி சரியாகவே தெரியும், ஏற்ற இறக்கம் மட்டும் மழுங்கிவிடும். மணலைவிடச் சிறிய கண்ணுள்ள வலையை வாயில் ஒட்டுங்கள். குழலையும் முடிந்தவரை குட்டையாக வையுங்கள். படுகைக்கு அடியில் காற்று நுழையும் காற்றறையிலும் ஒரு சென்சார் வேண்டும். ஊதுகருவியின் துடிப்பைக் குமிழி என்று எண்ணி ஏமாறாமலிருக்க அது உதவும்.

குறுக்குவெட்டில் குமிழி எங்கே இருக்கிறது என்று பார்க்க மின்தேக்கத் தோமோகிராஃபி உதவும்; சுற்றிலும் ஒட்டிய மின்தகடுகளுக்கு இடையிலான மின்தேக்கத்தை அளந்து உட்புறப் படத்தைக் கணிக்கும் முறை இது. வெளிச்சுவரில் 12 மின்தகடுகளை ஒட்டினால் 66 இணை அளவீடுகள் கிடைக்கும். வெற்றுக் குழாயிலும் மணல் நிரம்பிய குழாயிலும் அளவுதிருத்தம் செய்வது கட்டாயம். மணலை நன்றாக உலர்த்துங்கள்: நீரின் மின்காப்பு மாறிலி 80, மணலுக்கு 4 அளவுதான், ஆகவே சிறிது ஈரமும் படத்தைக் கெடுத்துவிடும். நடுப்பகுதி எப்போதும் மங்கலாகவே தெரியும்.

கேள்வி: ஒரு துகள் போகும் பாதையையே பின்தொடர முடியுமா?

பதில்: பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் செய்கிறார்கள். பாசிட்ரானை (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) உமிழும் கதிரியக்க ஃப்ளூரின்-18 ஏற்றிய ஒரே ஒரு துகளைப் படுகையில் விடுவார்கள். பாசிட்ரான் அழியும்போது எதிரெதிர்த் திசைகளில் பறக்கும் இரு காமாக் கதிர்களைப் பிடித்து, அது இருக்கும் இடத்தைக் கணிப்பார்கள். அரை ஆயுள் 110 நிமிடம், அதாவது அந்த நேரத்தில் கதிரியக்கம் பாதியாகிவிடும்; ஆகவே சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். காற்று போகும் வழியை இது காட்டாது. அதற்கு நுழைவாயிலில் சிறிது ஹீலியத்தைச் செலுத்தி, வெளியேறும் காற்றில் அது எப்போது, எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும்.